கிடங்கு உதாரணம்

என் அண்ணனுக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. அவன் நடத்துகிற வகுப்பில் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று கேட்டால், கணக்குப் போடுகிற மெஷின் என்று ஒரு வரியில் முடிக்க வேண்டியதுதானே? மாட்டான். "அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்னா மெஷின் இல்லைங்க, மனுஷி" என்று ஆரம்பிப்பான். பெரிய கூடத்தில் வரிசையாக மேஜை போட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை பென்சிலும் காகிதமுமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அதுதான் உத்தியோகப் பெயராம். "அவங்க வேலையை மெஷின் எடுத்துக்கிச்சு. பேரையும் சேர்த்து எடுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு, வகுப்பு முழுக்க அதற்காக வருத்தப்பட்டே ஆக வேண்டும் என்கிற மாதிரி கொஞ்ச நேரம் சும்மா நிற்பான்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு அவசரமாகக் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வந்தவர்கள். அவர்களுக்கு இந்த வருத்தமெல்லாம் எதற்கு? "சார், எக்செல் எப்ப சார்?" என்று யாராவது கேட்பார்கள்.

"வரும், வரும். முதல்ல பாதரசம்" என்பான்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே. படியேறும்போதே ரப்பர் வாசனை மூக்கைத் துளைக்கும். கீழே காற்றடிக்கிற மெஷின் ஓட ஆரம்பித்தால் மேலே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அதையும் மீறிக் கத்திக் கத்தி அண்ணனுடைய குரலே கரகரப்பாகிவிட்டது. ஒவ்வொரு விஷயத்தைச் சொல்லி முடித்ததும் தொண்டையைச் செருமுவான். அந்தச் செருமல் கேட்டால் அடுத்த பத்தி வருகிறது என்று அர்த்தம். நாங்கள் அதைக் கேட்டுத்தான் நோட்டில் வரி மாற்றுவோம்.

பாதரசக் கதை இதுதான். ஆரம்பகாலக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் ஞாபகத்துக்கு ஒரு நீளமான குழாய், அதற்குள் பாதரசம். சேர்த்து வைக்க வேண்டிய எண்ணைச் சத்தமாக மாற்றி ஒரு முனையில் விடுவார்கள். அது நீந்திக்கொண்டு மறுமுனைக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் பிடித்து, மறுபடி முதல் முனைக்கே அனுப்புவார்கள். இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால்தான் ஞாபகம். நிறுத்தினால் போச்சு. "எங்க வீட்டுல என் தங்கச்சி இருக்காளே, அசல் பாதரசக் குழாய். சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பா. நிறுத்தினா அவளுக்கே மறந்துடும்."

மூன்றாவது பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்குச் சும்மாவே மூக்குக்கு மேல் கோபம் வரும். டஸ்டரை எடுத்து அவன் மேல் வீசலாமா என்று இருக்கும்.

வீட்டில் ஒருவரையும் விட்டு வைக்கவில்லை அவன். அண்ணி ஹார்டு டிஸ்க்காம். கல்யாணமான புதிதில் அவன் உளறியதைக்கூட இன்றைக்குத் தூசி தட்டி எடுத்துப் போடுவாளாம். அவன் மட்டும் ரேம். "நான் ரேம்ங்க. கரண்ட் இருக்கிறவரைக்கும்தான். போச்சுன்னா எல்லாம் காலி" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.

கடைசி பெஞ்சில் அப்பா. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார முடியாமல், மகன் வகுப்புக்கே மாணவராக வந்துவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டதால் வீட்டில் பகல் பொழுது அவருக்கு நகரவே நகராது. ஒரு பருவம் முடிந்து அடுத்த பருவம் தொடங்கும். மாணவர்கள் மாறுவார்கள். அப்பா அதே பெஞ்சில், அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து கேட்பார். "ஃபெயிலாகிட்டே இருக்கீங்களாப்பா?" என்று நான் கிண்டல் செய்வேன். "ஒவ்வொரு தடவையும் புதுசா ஒண்ணு சொல்றாம்மா" என்பார். அவன் ஒன்றும் புதிதாகச் சொல்லவில்லை. அவருக்கு மகன் பேசுவதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் அண்ணன் காந்த வளையக் கதை சொன்னான். பாதரசத்துக்குப் பிறகு, கடுகளவு வளையங்களை மெல்லிய கம்பியில் கோத்து அதில் ஞாபகத்தை வைத்தார்களாம். ஊசி வைத்துக் கையால் கோத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். "இதுல ஒரு விசேஷம். இருக்கிறதைப் படிச்சா அது அழிஞ்சிடும். அதனால படிச்ச கையோட திரும்ப எழுதி வைக்கணும்."

கடைசி பெஞ்சிலிருந்து அப்பா கையைத் தூக்கினார். "திரும்ப எழுதும்போது வேற எதையாவது எழுதிட்டா?"

"அப்புறம் அதுதாம்பா உண்மை. முன்னாடி என்ன இருந்துச்சுன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லி, தொண்டையைச் செருமிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டான்.

அப்பா உயிரை விட்டுக் கேட்கிற பாடம் வேறு. அது ஹார்டு டிஸ்க்கைப் பிரிப்பது பற்றியது.

அப்பா ஒரு பஞ்சுக் கிடங்கில் காப்பாளராக இருந்தவர். கிடங்கில் நான்கு அறைகள், நடுவில் கனமான சுவர்கள், ஒவ்வோர் அறைக்கும் இரும்புக் கதவு. ஒருமுறை ஓர் அறையில் தீப்பிடித்துக்கொண்டது. எல்லாரும் வெளியே ஓடியபோது அப்பா உள்ளே ஓடி அந்த அறைக் கதவை இழுத்துச் சாத்தினார். மற்ற மூன்று அறைகளும் தப்பின. பழுக்கக் காய்ந்திருந்த கைப்பிடி அவர் வலது உள்ளங்கையில் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போனது.

அதைத்தான் அண்ணன் பாடமாக்கினான். "ஒரு ஹார்டு டிஸ்க்கை நாலாப் பிரிக்கிறோம். C, D, E, F. எதுக்கு? எங்கப்பா வேலை பார்த்த கிடங்குல நாலு அறை. ஒண்ணுல தீப்பிடிச்சுது. மத்த மூணும் பத்திரம். ஏன்? நடுவுல சுவர். அதே மாதிரிதான் இதுவும். C-ல வைரஸ் வரட்டும், C-யை முழுசா அழிச்சிட்டு மறுபடி விண்டோஸ் போடுங்க, D-யில இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாது. சுவர் இருக்கு." சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சைக் காட்டுவான். "அந்தக் கதவைச் சாத்தினவர் அதோ உட்கார்ந்திருக்கார்."

வகுப்பே திரும்பிப் பார்க்கும். அப்பா தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார். கிடங்கில் யாரும் அவருக்கு அதற்காக ஒரு மாலைகூடப் போட்டதில்லை.

உதாரணம் பாதி சரி. மீதிப் பாதியையும் அவன் சொல்லியிருக்க வேண்டும். அப்பாவை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, அவர் சுவரை இடிக்க அவனுக்கு மனசு வரவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

வீட்டுக் கம்ப்யூட்டரையும் அவனே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்து, நான்காகப் பிரித்து வைத்திருந்தான். C மெஷினுக்கு. D அண்ணிக்கு. E அவனுக்கு. F அப்பாவுக்கு, அதில் ஒரு சதுரங்க விளையாட்டும் கிடங்குப் படங்களும் மட்டும். "ஏன்டா C-ல ஆரம்பிக்குது? A, B எங்க?" என்று அப்பா கேட்டார். அவை இரண்டும் பழைய ஃபிளாப்பி டிஸ்க்குகளுக்குக் கொடுத்த இடம் என்றான் அண்ணன். ஃபிளாப்பி வழக்கொழிந்து போனாலும் அந்த இடத்தில் வேறு யாரையும் உட்கார வைப்பதில்லையாம்.

அவன் டயர் கடைப் படியிலேயே இறந்தான். மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம், அப்படியே சாய்ந்துவிட்டானாம். மேலே மாணவர்கள் எக்செல்லுக்காகக் காத்திருந்தார்கள். சாகிற வயதில்லை அவனுக்கு. அவன் மகளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. அவளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

வகுப்பை வேறொரு மாஸ்டர் எடுத்துக்கொண்டார். பெஞ்சு, கரும்பலகை, கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றோடும் ஒரு சின்ன ரெக்கார்டரும் அவருக்குப் போக வேண்டியிருந்தது. வகுப்புக்கு வர முடியாதவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக அண்ணன் தன் பாடங்களை அதில் பேசிப் பதிந்து வைத்திருந்தான். பாடம், நடுநடுவே கிண்டல், செருமல், கீழே காற்றடிக்கும் சத்தம், எல்லாம் அதில் இருந்தது. அவன் குரல் என்று எங்களிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். போட்டோ எடுக்கிற வேலை எப்போதும் அவனுடையதாக இருந்ததால் படத்தில்கூட அவன் அதிகம் கிடையாது.

அப்பா பதிவுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, ரெக்கார்டரை அழித்துச் சுத்தமாகக் கொடுத்தார். "அடுத்தவங்க கையில அவன் குரல் எதுக்கு? மேல வேற எதையாவது பதிவாங்க. அது எனக்கு வேண்டாம்" என்றார்.

"வேற எங்கயும் வச்சிருக்கீங்களாப்பா?" என்று நான் கேட்டேன்.

"நாலு இடத்துல வச்சிருக்கேம்மா. நான் கிடங்குக்காரன். எனக்குச் சொல்லித் தரணுமா?"

நாலு இடம் என்றால் நாலு இடம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அண்ணி அதைக் கேட்க மறுத்துவிட்டாள். "இப்ப முடியாது மாமா. கேட்டேன்னா எழுந்திருக்கவே மாட்டேன். பத்திரமா வையுங்க. எனக்குத் தைரியம் வரும்போது நானே சொல்றேன்" என்றாள். அவள் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். காலையில் போய் இருட்டும்போது வருவாள். எழுந்திருக்காமல் இருக்க அவளுக்கு வசதிப்படாது.

அண்ணி கேட்கவில்லை என்பதால் அப்பாவும் கேட்கவில்லை. நான் ஒருமுறை, "வாங்கப்பா, அண்ணி வர்றதுக்குள்ள நாம கொஞ்சம் போட்டுப் பார்ப்போம்" என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடுவது அபூர்வம்.

"முதல்ல அவ கேக்கணும். அது அவ புருஷன் குரல். அதுக்கு அப்புறம்தான் நாம."

தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டரைப் போடுவார். அண்ணனுடைய நாற்காலியில் உட்கார மாட்டார், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு டிரைவாகத் திறந்து, பதிவுகள் இருக்கின்றனவா என்று பார்ப்பார். மௌஸின் அம்பு அதன் மேல் கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு மூடிவிடுவார். கிடங்கில் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவாரே, அதே வேலை. அந்த ஸ்பீக்கரிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. மகன் குரலுக்கு ஒரு சொடுக்குத் தூரத்தில் அந்த மனிதர் ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார்.

அண்ணிக்குத் தைரியம் வந்ததற்குக் காரணம் வாலு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவள் தன் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா பொம்மை பேசியது, தாத்தா பொம்மை பேசியது, அத்தை பொம்மை கத்தியது. அப்பா பொம்மை மட்டும் பேசவே இல்லை. "அப்பா ஏன்டி பேசல?" என்று அண்ணி கேட்டிருக்கிறாள்.

"அப்பா எப்படிப் பேசுவாருன்னு எனக்குத் தெரியாதே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் குழந்தை விளையாட்டைத் தொடர்ந்திருக்கிறது.

அன்றைக்கே அண்ணி எனக்குப் போன் செய்தாள். குரல் நிதானமாக இருந்தது. "நாளைக்குக் காலையில வா. எல்லாரும் சேர்ந்து கேட்கலாம். இதுக்கு மேல தள்ளிப் போட்டா இவளுக்கு ஒண்ணுமே இருக்காது."

இரண்டு தெரு தள்ளித்தான் என் வீடு. நான் போனபோது அப்பா சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரைத் துணியால் துடைத்து வைத்திருந்தார். அண்ணி அண்ணனுடைய நாற்காலியில் வாலுவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்ததைப் பார்க்கவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அப்பா சுவிட்சைப் போட்டார்.

விசிறி சுற்றியது. கூடவே தரையில் இருந்த பெட்டிக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு டிக். யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. டிஸ்க்கைக் காணவில்லையாம்.

அப்பா கொஞ்சமும் அசரவில்லை.

"C போயிருக்கும். பரவாயில்ல. D-யில இருக்கு, E-யில இருக்கு, F-ல இருக்கு. நாலுலயும் போட்டு வச்சிருக்கேன்" என்று அண்ணியைப் பார்த்துச் சொன்னார். "கடையில கொடுத்து C-யை மட்டும் சரி பண்ணிட்டு வந்துடறேம்மா. ஒரு நாள் பொறுத்துக்கோ."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய நாலு இடம் இதுதான். அண்ணி தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்பா சொன்னால் வேதம்.

ரிப்பேர் கடைக்காரரை அந்த வட்டாரத்தில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாதிரி எப்போதும் ஒரு ஹெட்போன் தொங்கும். அண்ணனுக்கு நண்பர். பெட்டியை வண்டியில் வரும் வழியெல்லாம் அப்பா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். டாக்டர் அதைத் திருகு கழற்றி, ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்து, தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார். அதே டிக். காதை அதன் பக்கத்தில் வைத்துக் கேட்டார். உடனே கரண்டை நிறுத்திவிட்டார்.

"ஐயா, இது முடிஞ்சு போச்சு. உள்ள படிக்கிற தலை உடைஞ்சு தட்டை உரசியிருக்கு."

"C-தானே தம்பி? அது போகட்டும். நான் D-யில வச்சிருக்கேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"எல்லாம் ஒண்ணுதான் ஐயா."

"இல்ல தம்பி. நாலும் தனித்தனி. அவனே பிரிச்சு வச்சான்."

டாக்டர் நல்ல மனுஷன். வாதம் பண்ணவில்லை. மேஜைக்கு அடியிலிருந்து மூடி கழற்றிய ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்து அப்பா கையில் கொடுத்தார். உள்ளே பளபளவென்று ஒரே ஒரு வட்டத் தட்டு. அப்பா அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி அவருடைய முகம்தான் அதில் தெரிந்தது. உள்ளங்கைத் தழும்பால் அதை மெல்லத் தடவினார்.

"சுவர் எங்க தம்பி?"

"சுவர் இல்லைங்க ஐயா. இந்த இடத்துலேருந்து இந்த இடம் வரைக்கும் C, அடுத்தது Dன்னு தட்டோட ஆரம்பத்துல ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கும். அவ்வளவுதான். மெஷின் அதைப் படிச்சிட்டு நமக்கு நாலா காட்டும்."

"கோடு கூடவா இல்ல?"

"கோடு கூட இல்ல."

அப்பா தட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார். வெளியூரில் இதற்கென்றே பெரிய இடம் இருப்பதாகச் சொல்லி டாக்டர் அங்கே அனுப்பிப் பார்த்தார். சில வாரங்கள் நம்பிக்கையோடு ஓடின. திரும்பி வந்த பதில் ஒரே வரி. தட்டின் மேல்பூச்சே சுரண்டப்பட்டுத் தூளாகிவிட்டது. என் அண்ணன் குரல் இருந்தது அந்தப் பூச்சில்தான்.

சேதி வந்த அன்று அண்ணி வேலைக்குப் போயிருந்தாள். வாலு பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் மானிட்டர் மட்டும் இருந்தது. கீழே பெட்டி இருந்த இடத்தில் தூசி சதுரமாகப் படிந்திருந்தது.

"ரெக்கார்டரை நான் அழிச்சிருக்கக் கூடாது" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. கோபமெல்லாம் அந்தப் பாவி மேல்தான். செத்துப்போனவன் என்றால் திட்டக் கூடாதா? "அப்பா, இதுல உங்க தப்பு எதுவும் இல்ல. அவன்தான் அப்படிச் சொல்லிக் கொடுத்தான். சுவர் இருக்கு, சுவர் இருக்குன்னு ஒவ்வொரு வகுப்புலயும் சொன்னான். டிஸ்க்கே செத்தா நாலும் சாகும்னு ஒரு நாளாவது சொன்னானா? கதை நல்லா இருக்குன்னு அதோட நிறுத்திட்டான். நானும்தானே அங்க உட்கார்ந்திருந்தேன்? அவன் உதாரணம்தான்ப்பா தப்பு."

அப்பா எழுந்தார். என் வாழ்நாளில் அவர் என் மேல் கையை ஓங்கியது இல்லை. அன்றும் ஓங்கவில்லை. ஆனால் மேஜையில் ஓர் அடி அடித்தார், மானிட்டர் ஆடியது.

"அவனைச் சொல்லாதே."

"இல்லப்பா..."

"அவனைச் சொல்லாதே. அவன் சரியாத்தான் சொன்னான். எனக்குத்தான் சரியாக் காதுல விழல. கீழ காத்தடிச்சுக்கிட்டு இருந்தான். நான் கடைசி பெஞ்சு."

நான் மூன்றாவது பெஞ்சு. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சாயங்காலம் அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே எங்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டுவிட்டாள். அப்பா அவள் எதிரே போய் நின்றார்.

"போயிடுச்சும்மா. எல்லாம் போயிடுச்சு. நான் நாலு இடம்னு நினைச்சது ஒரே இடம். அவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். என்னை நம்பித்தான் நீ கொடுத்தே."

அண்ணியும் ஒரு பருவம் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தவள்தான். அந்த வகுப்பில்தான் அவனைப் பார்த்தாள், அப்படித்தான் கல்யாணமே நடந்தது. கிடங்கு உதாரணம் அவளுக்கும் மனப்பாடம். அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பா பக்கம் கண்ணைக் காட்டினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷமாகத் தள்ளி வைத்த அழுகை எல்லாம் சேர்ந்து வந்தது. தைரியம் வரட்டும் என்று காத்திருந்தவளுக்கு, அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. அழுது முடித்து, "விடுங்க மாமா. உங்களுக்குக் கேட்காம போனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள்.

அந்தச் சத்தத்தில் வாலு எழுந்து வந்துவிட்டாள். தலை கலைந்து, பொம்மையைக் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு. அம்மா அழுவதைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். இன்றைக்கு அப்பா பேசுவார் என்று சொல்லிச் சொல்லி வாரக்கணக்கில் அவளை ஏமாற்றி வைத்திருந்தோம்.

"இன்னைக்கும் அப்பா பேச மாட்டாரா?"

அப்பா மெதுவாக நடந்து போய் அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் முறையாக. குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் காலத்துல" என்று ஆரம்பித்தார், "கம்ப்யூட்டர்னா மெஷின் இல்லைங்க, மனுஷி."

'இல்லைங்க' என்பதில் அண்ணன் போடுகிற இழுப்பு அப்படியே இருந்தது. சொல்லி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், அவன் நிற்பானே அந்த அளவு. பிறகு தொண்டையைச் செருமினார். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பாதரசம் வந்தது. அத்தைதான் பாதரசக் குழாய் என்று வந்தது, வாலு சிரித்தாள். வளையம் வந்தது. எத்தனை பருவம் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்! ஒரு சொல் தப்பவில்லை. காற்றடிக்கும் இரைச்சலுக்கு அவன் குரலை உயர்த்துகிற இடங்களில்கூட உயர்த்தினார். கீழே காற்றடிக்க யாரும் இல்லாதபோதும்.

கிடங்கு வந்தது.

"ஒரு ஹார்டு டிஸ்க்கை நாலாப் பிரிக்கிறோம். C, D, E, F. எதுக்கு? எங்கப்பா வேலை பார்த்த கிடங்குல நாலு அறை. ஒண்ணுல தீப்பிடிச்சுது. மத்த மூணும் பத்திரம். ஏன்? நடுவுல..."

நின்றுவிட்டார். அவர் கை குழந்தையின் தலையில் இருந்தது.

"நடுவுல என்ன தாத்தா?"

அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. அண்ணனுடைய குரலில், அண்ணன் ஒரு நாளும் சொல்லாததைச் சொன்னார்.

"நடுவுல சுவர் இருக்கிற மாதிரி நமக்குத் தெரியும். ஆனா கூரை ஒண்ணுதான். கூரை விழுந்தா நாலு அறையும் போகும். அதனால முக்கியமானதை ஒரே கூரைக்குக் கீழ வைக்காதீங்க. கடைசி பெஞ்சு, கேட்குதா?"

தொண்டையைச் செருமினார்.

"இப்படித்தான் பேசுவான் உங்கப்பா. எல்லாத்தையும் முன்னாடியே சொன்னான்" என்றார், தன் சொந்தக் குரலில். "தாத்தாதான் கேக்கல."

வாலு தலையை ஆட்டினாள். பொம்மையைத் தூக்கி எதிரே உட்கார வைத்து, தன் சின்னத் தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள். "கூரை ஒண்ணுதான்" என்று அதற்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தாள்.